நாலு வருமானம்

பிளஸ் டூ ரிசல்ட் வந்து ஒரு வாரம் இருக்கும். எனக்கு ஏழெட்டு வருடப் பழக்கமான பிரிண்டிங் யூனிட்காரர் ஆபீஸுக்கு வந்தார். வந்ததும் ஃபேனைக் கூட்டி வைக்கச் சொன்னார். அப்படிச் சொன்னால் ஏதோ கேட்கப் போகிறார் என்று அர்த்தம்.

"பொண்ணுக்கு இன்ஜினியரிங் போடறமுங்க. ஸ்காலர்ஷிப்புக்கு வருமானச் சான்று வேணும். ரெண்டரை லட்சத்துக்குள்ள இருக்கோணுமாம்."

திருப்பூர் பி.என். ரோட்டில் ஒரு மாடிப்படிக்கு மேலே என் ஆபீஸ். ஜிஎஸ்டி, இன்கம் டேக்ஸ் ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பதுதான் தொழில். அவருடைய கணக்கு என் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. போன ஜூலையில் அவருக்கு நான் போட்ட ரிட்டர்னில் வருமானம் ஆறேமுக்கால் லட்சம். ஜனவரியில் வீட்டுக் கடனுக்கு பேங்க் மேனேஜர் கணக்குக் கேட்டபோது, "ஒம்பது பத்து வராப்பல ஒரு புரொஜெக்ஷன் போடுங்க" என்று இதே நாற்காலியில் உட்கார்ந்துதான் சொன்னார். இப்போது இரண்டரைக்குள் வேண்டுமாம். நாலாவது வருமானம் ஒன்றும் உண்டு. மூத்த பெண்ணுக்கு ஜாதகம் பார்க்கிறார்கள், தரகர் மாப்பிள்ளை வீட்டில் சொல்லியிருப்பது, "மாசம் ரெண்டு லட்சம் தாராளமா வருமுங்க." அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், மாப்பிள்ளை வீட்டார் என்னிடம்தான் விசாரித்தார்கள்.

"தாசில்தார் ஆபீஸ்ல ஐடிஆர் கேட்டா என்ன பண்ணுவீங்க?"

"கேக்க மாட்டாங்க. கேட்டா நீங்க குடுத்துராதீங்க."

நான் செய்து தரவில்லை. என் வேலை இல்லை அது, இ-சேவை மையத்தில் போய்ப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். இதைப் பெரிய நேர்மை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊரில் மாரியம்மன் நோம்பி. ஒரம்பரையெல்லாம் சாப்பிட்டு முடித்து ஆசாரத்தில் பாய் விரித்துச் சாய்ந்திருந்த நேரம். பேப்பரில், அரசுப்பள்ளியில் படித்துக் கல்லூரி போகிற பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கிற புதுமைப்பெண் திட்டம் பற்றி ஏதோ செய்தி. என் தாய்மாமன் அதைப் படித்துவிட்டு மடித்து வீசினார். மாமனுக்கு நாலு ஏக்கர் தோட்டம், திருப்பூரில் ஒரு நிட்டிங் யூனிட். அக்கா மகனான என்மேல் பிரியம் உண்டு. பேச்சில் மட்டும் அது தெரியாது.

"மாசம் இருவதாந் தேதியானா நான் ஜிஎஸ்டி கட்டறேன். இவனுக ஊரெல்லாம் ஆயிரம் ஆயிரமா அள்ளி உடறானுக. ஊரான் ஊட்டு நெய்யே, எம் பொண்டாட்டி கையேன்னு. ஏண்டா மாப்ள, நீதான கணக்கு எழுதற? சொல்லு, யாரு ஊட்டுக் காசு அது?"

கணக்கு எழுதுகிறவனிடம் கேட்டால் கணக்குத்தான் வரும்.

மாமன் நிட்டிங் ஜாப் ஒர்க் (கூலிக்குத் துணி பின்னிக் கொடுப்பது) பில்லில் 5 சதவீதம் ஜிஎஸ்டி போடுகிறார். அந்த 5 சதவீதத்தை அவருக்குக் கொடுப்பது எக்ஸ்போர்ட் கம்பெனி. தான் வாங்கிய ஊசி, ஆயில், ஸ்பேர் எல்லாவற்றிலும் கட்டிய வரியை மாமன் ஐடிசி (இன்புட் டேக்ஸ் கிரெடிட்) என்று கழித்துக்கொண்டு மிச்சத்தை அரசாங்கத்துக்கு அனுப்புகிறார். எக்ஸ்போர்ட் கம்பெனி மாமனுக்குக் கொடுத்த வரியைத் தன் கணக்கில் கழித்துக்கொள்கிறது. சரக்கு கப்பல் ஏறினால் ரீஃபண்டே வாங்குகிறது. 2017 ஜூலையிலிருந்து இதுதான் ஏற்பாடு. ஆக மாமன் கட்டுவது அவர் காசு இல்லை. அவர் வசூலித்துக் கொடுக்கிற ஆள். (வசூலித்துக் கொடுப்பதே ஒரு பெரும் வேதனை, லேட் ஆனால் வட்டி, அபராதம், நோட்டீஸ் என்பதெல்லாம் உண்மை. அதற்குத்தான் என் பொழப்பு ஓடுகிறது.)

இந்தச் சங்கிலியில் ஐடிசி எடுக்கவே முடியாத ஒரே ஆள் கடைசியில் நிற்கிறவர். மாமன் நிட் செய்த துணி தைக்கப்படுகிற கம்பெனியில் செக்கிங் செய்கிற அக்கா. அவருக்கு ஜிஎஸ்டி நம்பர் கிடையாது. போனுக்கு ரீசார்ஜ் போட்டால் 18 சதவீதம், அது போனது போனதுதான். சோப்பு, பேஸ்ட், ஷாம்பு எல்லாம் 2025 செப்டம்பர் வரை 18 சதவீதம் கட்டித்தான் வாங்கினார், இப்போது 5. மாமனும் அதே ரீசார்ஜைத்தான் போடுகிறார், ஆனால் மாமனுடைய செல்போன் பில் கம்பெனி பெயரில் வருகிறது. அதற்கும் ஐடிசி எடுத்துத் தருவது நான்தான்.

இந்த வரி விவகாரம் நம்மூரில் பன்னிலேயே வெடித்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். 2024 செப்டம்பரில் கோயம்புத்தூரில் நிதியமைச்சர் முன்னால் ஒரு ஓட்டல்காரர் எழுந்து, பன்னுக்கு வரி இல்லை, உள்ளே வைக்கிற க்ரீமுக்கு 18 சதவீதம், கஸ்டமர் பன்னையும் க்ரீமையும் தனித்தனியாகக் கொடு என்கிறார் என்று சொன்னார். நாடே சிரித்தது. பிறகு அந்தப் பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. பன்னைத் தின்கிறவனுக்கு இன்புட் கிரெடிட் கிடையாது என்பதை மட்டும் அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

நான் சொன்னதையெல்லாம் மாமன் கேட்டார். "அதெல்லாஞ் சரி. இன்கம் டேக்ஸ் கட்டறனே, அது?"

அங்கே மாமனுக்கு நியாயம் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் நான் கணக்கெழுதத் தகுதியில்லாதவன். மாமனும் அவர் பங்காளியும் நடத்துவது பார்ட்னர்ஷிப் கம்பெனி. பார்ட்னர் சம்பளம், வட்டி கழித்து மிஞ்சுகிற லாபத்துக்கு 30 சதவீதம், வரிமேல் வரியான செஸ்ஸோடு 31.2. லாபம் ஒரு லட்சமானாலும் அதேதான். 2019 செப்டம்பரில் மத்திய அரசு கம்பெனி வரியைக் குறைத்தது. சலுகைகளை விட்டுக்கொடுக்கிற கம்பெனிக்கு 22 சதவீதம், சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்த்தாலும் 25.17. மாமன் யாருக்கு ஜாப் ஒர்க் பண்ணுகிறாரோ அந்தப் பெரிய கம்பெனி அவரைவிட ஆறு சதவீதம் குறைவாகக் கட்டலாம். திருப்பூரில் பெரும்பாலான சின்ன யூனிட்கள் பார்ட்னர்ஷிப், இல்லாவிட்டால் ஒற்றை ஆள் கம்பெனி. பேங்க் பேலன்ஸ் இல்லாமல் தூக்கம் கெட்டு நடத்துகிறவர்கள். அந்த ஆறு சதவீதத்தைப் பற்றி நோம்பி அன்றைக்கு யாரும் பாயில் சாய்ந்துகொண்டு கோபப்படுவதில்லை. கோபமெல்லாம் புதுமைப்பெண் மேல்தான்.

செஸ், சர்சார்ஜ் என்று டெல்லி வாங்குவதில் மாநிலங்களுக்குப் பங்கு கிடையாது. பங்கு வைக்கிற வரியிலும் மாநிலங்களுக்கு 41 சதவீதம். அந்த 41இல் தமிழ்நாட்டுக்கு 15ஆவது நிதிக்குழு 2021-26க்குக் கொடுத்தது 4.079 சதவீதம். சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26 அன்று படித்தவர் கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார் என்று மாமன் பெருமையாகச் சொல்வார். அந்தப் பெருமைக்கும் இந்த 4.079க்கும் சம்பந்தமில்லை.

செக்கிங் அக்காவை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. எங்கள் ஆபீஸ் இருக்கிற காம்பவுண்டிலேயே குடியிருக்கிறார். உசிலம்பட்டிப் பக்கம் சொந்த ஊர், இருபது வருடமாகத் திருப்பூர். வீட்டுக்காரர் லோடுமேன். மகள் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை மாநகராட்சிப் பள்ளிக்கூடம், இப்போது அரசு மகளிர் கலைக்கல்லூரியில் பி.காம். இரண்டாம் வருடம். புதுமைப்பெண் ஆயிரம் ரூபாய் அந்தப் பெண்ணின் கணக்கில் ஏறுகிறது. 2022 செப்டம்பர் 5 அன்று வந்த திட்டம். முன்னால் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் கல்யாணத்துக்குக் கொடுத்த பணம், படிப்புக்கு என்று மாறியது. பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன், அதை 2024 ஆகஸ்டில் கோயம்புத்தூர் அரசுக் கலைக்கல்லூரியில்தான் தொடங்கி வைத்தார்கள்.

மாமன் சொன்னதை அக்காவிடம் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் வாளியைக் கீழே வைத்தார்.

"எங்க வீட்டாளு தெனம் ஒரு குவார்ட்டர் குடிக்குது சார். அந்தக் காசுதான எம்புள்ளைக்கு வருது? அதுவும் பாதிதான் வந்திருக்கு. மீதிய எப்பக் குடுப்பாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க."

மேலே ஏறி வந்து கால்குலேட்டரை எடுத்தேன். குவார்ட்டர் 140 ரூபாய் என்று வைத்தால் வருடத்துக்கு 51,100. டாஸ்மாக் சரக்கின் விலையில் பாதிக்கு மேல் வரி. சரிபாதி என்றே வைத்துக்கொண்டாலும் 25,550. மகளுக்கு வருடத்துக்கு வருவது 12,000. அக்கா சொன்னது கிட்டத்தட்ட பைசா சுத்தமாகச் சரி. 2023-24இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்தது 45 ஆயிரம் கோடிக்கு மேல், மாநிலத்தின் சொந்த வரி வருமானத்தில் நாலில் ஒரு பங்கு அளவுக்கு. ஒரு லோடுமேன் வருமானத்துக்கு இது சின்ன வரி இல்லை. குடிக்காமல் இருந்தால் கட்ட வேண்டாமே என்று மாமன் சொல்வார். சரிதான். ஆனால் எல்லோரும் குடிக்காமல் இருந்துவிட்டால் கவர்மெண்ட் அடுத்து வந்து நிற்பது மாமன் வீட்டு வாசலில்தான்.

இப்போது என் கதை. 1996இல் நான் கோயம்புத்தூரில் பி.காம். சேர்ந்தேன். மூன்று வருடமும் அரசு பிற்படுத்தப்பட்டோர் நல விடுதி. பி.சி. ஹாஸ்டல் என்போம். காலையில் பொங்கலா உப்புமாவா என்று வாயில் வைத்தால்தான் தெரியும், ஞாயிற்றுக்கிழமை முட்டை. அந்தச் சாப்பாடு இல்லாவிட்டால் நான் தறி ஓட்டப் போயிருப்பேன் என்று பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். உண்மை அதுவல்ல. எங்கள் வீட்டில் அப்போது நாலு தறி ஓடியது, சொந்தத் தறி. பாவு வந்து இறங்குவதும் துணி போவதுமாக இருந்த வீடு. அப்பாவால் கஷ்டப்பட்டாவது படிக்க வைத்திருக்க முடியும். விடுதியில் சேர வருமானச் சான்று கேட்டார்கள். டிவிஎஸ் 50இல் என்னைப் பின்னால் உட்கார வைத்து அந்த ஆபீஸுக்குக் கூட்டிப்போனது இதே மாமன்தான். ஆண்டு வருமானம் 12,000 என்று எழுதி வாங்கினோம். வெளியே வந்து கரும்புச்சாறு குடித்தோம். அந்தச் சான்றிதழின் ஜெராக்ஸ் இன்னும் என் பழைய ஃபைலில் இருக்கிறது. எனக்குக் கிடைத்த இடம் வேறு யாருக்கோ கிடைத்திருக்க வேண்டியது. அது யார் என்று எனக்குத் தெரியாது. அவன் தறிக்கே போய்விட்டானோ என்னவோ.

ஆகவே பிரிண்டிங்காரரை அனுப்பியது நேர்மை என்று நான் சொன்னால் என் பெஞ்சு மேசையே சிரிக்கும்.

நோம்பி அன்றைக்கு மாமனிடம் இதை எடுத்துவிட்டேன். மாமனுக்கு உறைக்கவில்லை. "அன்னைக்கு எல்லாரும் வாங்குனாங்க, நாம வாங்குனம். நீ படிச்சு இன்னைக்கு டேக்ஸ் கட்டறயல்ல? அப்பறமென்ன?" என்றார். அப்புறம்தான் யோசித்தேன், நான் காலையிலிருந்து சொல்ல வந்த வாதத்தை மாமனே ஒரு வரியில் சொல்லிவிட்டார், அதுவும் எதிர்ப்பக்கம் உட்கார்ந்துகொண்டு.

பிரிண்டிங்காரருக்கு நாலு வருமானம் என்று சிரிக்கிறோம். கவர்மெண்ட்டுக்கு மட்டும் ஒரே கணக்கா? 2025-26 முதல் புதிய முறையில் 12 லட்சம் வரை சம்பாதிக்கிறவர் இன்கம் டேக்ஸ் கட்ட வேண்டாம். மத்திய அரசின் ஒதுக்கீட்டில் ஓபிசிக்குக் கிரீமிலேயர் கோடு 8 லட்சம், தாண்டினால் ஒதுக்கீடு கிடையாது. 2019இல் கொண்டுவந்த முன்னேறிய சாதி ஏழைகளுக்கான ஒதுக்கீட்டிலும் 8 லட்சம் வரை ஏழை. உதவித்தொகைக்கு வந்தால் மட்டும் இரண்டரை லட்சத்தைத் தாண்டியவன் ஏழையில்லை. கட்சி பார்க்காமல் சொல்கிறேன், இது மூன்று கோடு போட்ட சிலேட்டு. செக்கிங் அக்காவுக்கும் வீட்டுக்காரருக்கும் நாளைக்கு 450 வீதம், மாதம் 25 நாள் வேலை என்று வைத்தால் வருடத்துக்கு 2,70,000. உண்மையைச் சொன்னால் அவர்கள் தகுதியில்லாதவர்கள். பொய் சொல்லாமல் அந்தக் கோட்டுக்குள் நிற்கிற குடும்பம் திருப்பூரில் மிகக் குறைவு. பொய் சொன்னால் பிரிண்டிங்காரரும் நிற்கலாம், நானும் நிற்கலாம், யாரும் நிற்கலாம்.

அதனால்தான் எனக்கு முதல் பட்டதாரி சலுகை பிடிக்கும். 2010இல் வந்தது. அது வருமானம் கேட்பதில்லை, சாதி கேட்பதில்லை. அப்பா அம்மா, இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி, கூடப்பிறந்தவர் யாராவது டிகிரி முடித்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்கிறது. கவுன்சிலிங்கில் இன்ஜினியரிங் எடுத்தால் கல்விக் கட்டணத்தில் 25 ஆயிரம் வரை அரசாங்கம் ஏற்கிறது. இதை யோசித்த அதிகாரி யாரோ, அவர் கொங்கு நாட்டைக் கொஞ்சம் தெரிந்தவராக இருக்க வேண்டும். இங்கே வருமானத்தை எவரும் மறைப்பார்கள். பட்டத்தை யார் மறைப்பார்கள்? ஆசாரத்துச் சுவரில் கோட் போட்ட போட்டோவோடு அல்லவா மாட்டுவார்கள். ஒரே ஒரு வீட்டில் மட்டும், தம்பிக்குச் சான்றிதழ் விசாரிக்க ஆள் வருகிறது என்று அக்காவின் பட்டமளிப்பு போட்டோவை ஒரு வாரத்துக்குக் கழற்றி வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆணி அப்படியே இருந்தது.

ஆனால் இருபது ஏக்கர் தென்னந்தோப்புக்காரரின் மகனும் அதில் முதல் பட்டதாரிதான். விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை. 1961ஆம் வருடச் சட்டத்தின் பத்தாம் பிரிவு முதலில் சொன்னதே அதைத்தான். அரசியல் சாசனப்படி மாநிலம் நினைத்தால் போடலாம். தமிழ்நாட்டில் இன்றைக்கு எந்த அரசுக்கும் தென்னந்தோப்புப் பக்கம் போகத் தைரியம் கிடையாது. நானும் போகச் சொல்லவில்லை, முழுசாக. வெள்ளை ஈ வந்து, வேர்வாடல் வந்து பொள்ளாச்சிப் பக்கம் தோப்பையே வெட்டுகிறவர்களைப் பார்த்தாயிற்று. நான் சொல்வது வேறு ரகம். கம்பெனி லாபத்தைத் தோட்டத்துக் கணக்கில் கொண்டுபோய் வைப்பவர்கள். தோப்பில் காய்க்காத காயெல்லாம் கணக்கில் காய்க்கும். ஏக்கருக்கு இவ்வளவு காயா என்று கேட்டால், "மண்ணு அப்பிடிங்க" என்பார்கள்.

என் ஆபீஸ் இருக்கிற ரோட்டில் நேராகப் போனால் பெருமாநல்லூர். 1970 ஜூனில் மின்கட்டணம் பைசாக் கணக்கில் ஏறியதை எதிர்த்துப் போராடிய மூன்று விவசாயிகள் அங்கே துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். நாராயணசாமி நாயுடு அந்தக் கோபத்தைக் கட்டை வண்டியில் ஏற்றிக் கோயம்புத்தூருக்குள் கொண்டுவந்தார். பிறகுதான் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமானது. மாமனின் நாலு ஏக்கர் கிணற்று மோட்டார் அதில்தான் ஓடுகிறது. என் அண்ணன் தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் இலவசம். நாம் வாங்குவதை உரிமை என்போம். அடுத்தவன் வாங்கினால் அதற்குப் பெயர் இலவசம்.

மாமன் கடைசியாக ஒரு துருப்பைப் போட்டார். நம்ம பக்கம் காலேஜ் கட்டினது கவர்மெண்ட்டா, தனி மனுசங்கதானே என்று. உண்மைதான். பீளமேட்டில் பி.எஸ்.ஜி. குடும்பத்து நாலு மகன்கள் சொத்தை ஐந்து பங்காகப் பிரித்து, ஐந்தாவது பங்கைத் தர்மத்துக்கு வைத்த கதையைச் சொல்லாத கோயம்புத்தூர்க்காரர் இல்லை, 1926. தர்மத்தைத் தம்பியாக ஏற்றுக்கொண்டார்கள் என்பார் மாமன். கேட்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும், அதில் கிண்டல் இல்லை. ஆனால் அந்த ஐந்தாவது மகன் எல்லா வீட்டிலும் பிறப்பதில்லை. பிறந்தாலும் யாருக்குப் பீஸ் கட்டுவது என்று அவனே முடிவு செய்வான். பெரும்பாலும் தெரிந்த வீட்டுப் பையனுக்கு. டிரஸ்ட்டுக்கு வரிவிலக்கு, நன்கொடை கொடுத்தவருக்கு வரிக்கழிவு ரசீது. கட்டாமல் விட்ட அந்த வரியும் செக்கிங் அக்காவின் காசும் ஒரே உண்டியலைச் சேர்ந்ததுதான். இன்றைக்கு அரசுப்பள்ளிப் பிள்ளைகளின் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேருகிறவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசாங்கம் தனியார் காலேஜுக்கே கட்டுகிறது. நல்லதுதான். பக்கத்தில் அரசுக் கலைக்கல்லூரி கௌரவ விரிவுரையாளர்களை வைத்துக்கொண்டு மூச்சு வாங்குகிறது என்பதுதான் எனக்கு வெசனம்.

என்னைக் கேட்டால், வாசலில் நிறுத்தி ஏழையா என்று சோதிக்கிற வேலையை விட்டுவிடலாம். அரசுக் கல்லூரியில் யார் வந்தாலும் பீஸ் வேண்டாம், விடுதிச் சோறு உண்டு. மாமன் பேரன் வந்தாலும் போடு. மாமனிடம் வாங்க வேண்டியதை மாமனின் லாபத்தில் வாங்கிக்கொள், அவருக்கு வேலை கொடுக்கிற கம்பெனியிடமும் அதே வீதத்தில் வாங்கு, கணக்கில் மட்டும் காய்க்கிற தோப்பிலும் வாங்கு. இதைச் சொன்னதும் மாமன், "என்ற பேரன் எதுக்கு கவர்மெண்ட் காலேஜுக்குப் போறான்?" என்றார். அவனை நாமக்கல் ஹாஸ்டல் ஸ்கூலில் மூன்று லட்சம் கட்டிச் சேர்த்திருக்கிறார். அங்கே பிள்ளைகளும் கோழிகளும் ஒரே முறையில் வளர்க்கப்படுவதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு. நான் அதைச் சொல்லவில்லை. சாப்பிட்டது செரிக்க வேண்டும்.

ஆகஸ்டில் பிரிண்டிங்காரர் திரும்பி வந்தார். கையில் ஸ்வீட் பெட்டி. பெண்ணுக்குப் பெருந்துறைப் பக்கம் நல்ல காலேஜில் சீட், வருமானச் சான்றும் எப்படியோ வாங்கியாகிவிட்டது. இ-சேவையில் 60 ரூபாய்தான் ஆச்சு என்றார், மேலே ஆனதைச் சொல்லவில்லை. மைசூர்பாகு நல்ல நெய். நான் இரண்டு எடுத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது சட்டைப்பையிலிருந்து மடித்த பில் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். ஸ்வீட் கடை பில், கம்பெனி ஜிஎஸ்டி நம்பர் போட்டது.

"பத்துப் பெட்டி வாங்குனமுங்க. பிசினஸ் செலவுல போட்டுருங்க."